ஒரு துண்டுக்கு ஒரு கேள்வி

திங்கட்கிழமை காலை திஹானா இரண்டு பெரிய தட்டு க்ரெம்ஷ்னிட்டாவோடு ஆய்வுக்கூடத்துக்குள் நுழைந்ததுமே எல்லோருக்கும் விஷயம் புரிந்துவிட்டது. ஜாக்ரெப் நகரத்தின் அந்த இயற்பியல் கூடத்தில் யாரும் சும்மா இனிப்பு வாங்கி வருவதில்லை. பிள்ளை பிறந்தால் வாங்குவார்கள், கட்டுரை அச்சேறினால் வாங்குவார்கள், இல்லையென்றால் கருவி காட்டிய எண்ணைப் பார்த்துத் தலைகால் புரியாமல் போனால் வாங்குவார்கள். திஹானாவுக்குப் பிள்ளை குட்டி கிடையாது. கட்டுரையையும் மறுநாள்தான் பத்திரிகைக்கு அனுப்பப் போகிறாள். ஆகவே எண்தான்.

அங்கே ஒரு சட்டம் உண்டு. யார் போட்ட சட்டம் என்று யாருக்கும் தெரியாது. சமையலறையில் காபி இயந்திரத்துக்கு மேலே, எண்ணெய்ப் பிசுக்கேறிய ஒரு தாளில் எழுதி ஒட்டியிருக்கும்: ஒரு துண்டுக்கு ஒரு கேள்வி. இனிப்பை எடுக்கிறவர், கொடுக்கிறவரின் முடிவைப் பற்றிக் கேள்வி கேட்டாக வேண்டும். "அடடா, பிரமாதம்" என்பதெல்லாம் செல்லாது. இரண்டு துண்டு தின்றால் இரண்டு கேள்வி.

அன்று அந்தச் சட்டம் காற்றில் பறந்தது. காரணம் க்ரெம்ஷ்னிட்டாதான். விடியற்காலையில் பக்கத்து ஊரான சாமொபோர் வரை போய் வாங்கி வந்தது, அடிப்பக்கம் இன்னும் வெதுவெதுப்பு. மேலே மொறுமொறுப்பான மாவுத் தகடு, நடுவில் கையகல உயரத்துக்கு முட்டைக் க்ரீம். பதினான்கு பேர் இருபது துண்டுகளை முடித்தார்கள். ஹீலியம் பார்த்துக்கொள்ளும் யூரா ஒருவர்தான் வாயைத் துடைத்துக்கொண்டு கேள்வி கேட்டார்.

"எல்லாம் சரி டாக்டரம்மா, என் வாயுவை எப்ப திருப்பிக் குடுப்பீங்க?"

யூராவுக்கு உலகத்தில் வேறு கவலை கிடையாது. காந்தத்தைக் குளிர்விக்கும் திரவ ஹீலியத்தைத் தயாரிப்பவர் அவர். அது கொதித்து வாயுவானதும் குழாய் வழியாகத் திரும்பப் பிடித்து மறுபடியும் திரவமாக்குபவரும் அவர். ஒரு லிட்டர் வீணானால் வீட்டில் யாருக்கோ காய்ச்சல் என்பதுபோல் முகத்தை வைத்துக்கொள்வார்.

"அண்ணே, இதெல்லாம் ஒரு கேள்வியா?" என்றாள் திஹானா. அவளுக்கு வாயெல்லாம் பல்.

சந்தோஷப்படாமல் எப்படி? ஒன்பது வருடமாக இன்னொருவர் வரைந்த கோட்டின் மேல் கோடு வரைந்துகொண்டிருந்தவள் அவள். இப்போதுதான் முதல்முறையாக அவளுக்கே அவளுக்கென்று ஒன்று கிடைத்திருக்கிறது. சாதாரண உலோகத்தைக் காந்தப்புலத்தில் வைத்தால் மின்சாரத்துக்குத் தடை கூடும். எலக்ட்ரான்கள் நேராகப் போக முடியாமல் வளைந்து அல்லாடும். ஆனால் டோபாலஜிப் பொருட்கள் என்று ஒரு குடும்பம் இருக்கிறது. அதில் சில படிகங்களுக்குள் எலக்ட்ரான்கள் எடையே இல்லாதவைபோல் ஓடும். அவற்றில் வலக்கைக் கூட்டம் ஒன்று, இடக்கைக் கூட்டம் ஒன்று. மின்சாரம் ஓடும் திசையிலேயே காந்தப்புலத்தையும் வைத்துவிட்டால், ஒரு கூட்டத்திலிருந்து மறு கூட்டத்துக்கு ஆள் தாவும். அப்போது தடை கூடாது, குறையும். காந்தத்தை ஏற்ற ஏற்ற மின்சாரத்துக்கு வழி அகலமாகும். இதைக் கேட்டுவிட்டு நம்ப மறுக்கிறவர்களைக் குறை சொல்ல முடியாது. திஹானாவின் படிகத்தில் தடை நூற்றுக்கு அறுபத்து நான்கு குறைந்தது.

படிகம் மோரானா வளர்த்தது. இருவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள், ஒரே வயது, நாற்பத்தொன்று. குவார்ட்ஸ் குழாய்க்குள் கொஞ்சம் அயோடினைப் போட்டு மூடி, அடுப்பில் ஆறு வாரம் வைத்து, அந்த ஊதா ஆவிக்குள் படிகங்கள் முளைப்பதைக் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்ப்பது அவள் வேலை. அந்தப் படிகத்தில் மின்கம்பி ஒட்டுவது திஹானாவின் வேலை. தலைமுடியை விடவும் மெல்லிய தங்கக் கம்பி, அதை ஒட்ட வெள்ளிப் பசை, பசையை வைக்கப் பக்கத்து வீட்டுப் பூனை உதிர்த்த ஒற்றை மீசை மயிர். இந்த வேலையில் திஹானாவை மிஞ்ச அந்தக் கட்டடத்தில் ஆள் கிடையாது. படிகத்தின் மேல்புறத்தில் வரிசையாக நான்கே நான்கு புள்ளி. ஒவ்வொன்றும் கடுகில் ஐம்பதில் ஒரு பங்கு. விருந்தாளிகளை நுண்ணோக்கிக்கு அழைத்துவந்து அந்தப் புள்ளிகளைக் காட்டுவார்கள். அவளும் வெட்கப்படுவதுபோல் நின்று உச்சி குளிர்ந்துபோவாள்.

புதன்கிழமை மோரானா வந்தாள். கதவருகிலேயே நின்றாள்.

"திங்கக்கிழமை ரெண்டு துண்டு தின்னேன்டி. ஒரு கேள்வியும் கேக்கல."

"ரெண்டா? நாலு தின்ன மாதிரியில்ல இருந்துச்சு. கேளு கேளு."

"கரண்டு உள்ள போற புள்ளி எவ்ளோ பெருசு?"

"உனக்குத் தெரியாதா? முப்பது மைக்ரான். இதைவிடச் சின்னதா யாராவது வெச்சா என் பேரை மாத்திக்கிறேன்."

"அதான்டி பயமா இருக்கு."

திஹானாவின் சிரிப்பு பாதியில் நின்றது. மோரானா மேலே சொல்லவே வேண்டியிருக்கவில்லை. இந்தத் தொழிலில் இருக்கும் எவருக்கும் தெரிந்த பழைய பள்ளம் அது. இந்த வகைப் படிகத்தில் காந்தப்புலம் பக்கவாட்டு வழிகளையெல்லாம் அடைத்துவிடும். நேர்வழி மட்டும் திறந்திருக்கும். மின்சாரத்தை ஒரு சின்னப் புள்ளி வழியாக உள்ளே விட்டால் அது படிகம் முழுக்கப் பரவாமல், நூல்போல நேராக ஓடி மறுமுனைக்குப் போய்விடும். மின்னழுத்தம் பார்க்கும் கம்பிகள் அந்த நூலுக்குக் கொஞ்சம் தள்ளி இருந்தால் போதும், அவற்றுக்கு ஒன்றுமே தெரியாது. தேர் ராஜவீதியில் போகும்போது சந்துக்குள் நின்று தலை எண்ணி, ஊரில் கூட்டமே இல்லை என்று சொல்வதைப்போல. தடை குறைந்திருக்காது. குறைந்ததாகக் கருவி சொல்லும்.

புள்ளி சின்னதாக இருக்க இருக்க இந்தப் பித்தலாட்டம் பெரிதாகும். அழகாக வைத்ததுதான் குற்றம்.

"இதை திங்கக்கிழமையே சொல்ல வேண்டியதுதானே? நான் கட்டுரைய அனுப்புறதுக்கு முன்னாடி?"

"வாயில க்ரீம் இருந்துச்சு."

"மோரானா!"

"சரி, பொய் சொல்லல. முதல் வாயிலேயே தோணிருச்சு. நீ நின்ன நெலமையப் பாத்தேன். ஒன்பது வருஷத்துல உன்னை அப்பிடிப் பாத்ததில்ல. சொல்ல வாய் வரலடி."

"தின்ன மட்டும் வாய் வந்துச்சாக்கும்! ரெண்டு துண்டு! போ, உன் அடுப்பைப் போய்ப் பாரு."

மோரானா போய்விட்டாள். திஹானா கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தாள். கோபம் மூக்குக்கு மேல் நின்றது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. கட்டுரை போய்ச் சேர்ந்தாயிற்று. வரும் திங்கட்கிழமை அதைப் பரிசீலனைக்கு அனுப்புவதாகப் பத்திரிகையிலிருந்து பதிலும் வந்தாயிற்று. ஆகஸ்ட் கடைசியில் மாநாடு. நிகழ்ச்சி நிரலில் அவள் பெயர் அச்சாகிவிட்டது. மறுபடியும் அளந்து பார்க்கலாமென்றால் வெள்ளிக்கிழமை மதியத்தோடு கூடம் மூடுகிறது. ஜாக்ரெப்பில் ஆகஸ்ட் என்றால் மொத்த ஊரும் கடலுக்குப் போய்விடும். ஹீலியம் இயந்திரமும் ஓய்வெடுக்கும். செப்டம்பர் வரை சொட்டு ஹீலியம் கிடைக்காது.

அன்றே அவள் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினாள். 'எங்கள் கட்டுரையைத் திரும்பப் பெறுகிறோம்.' எழுதினாள், அனுப்பவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் உண்மை என்று தெரிந்தால் அழிப்பது, தெரியாவிட்டால் அனுப்புவது. தனக்கே நம்பிக்கையில்லாத எண்ணோடு மேடை ஏறுவதில்லை என்பதில் மட்டும் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

வெள்ளிக்கிழமை காலை ஏழரைக்கு அவள் யூராவைத் தேடி கீழே போனாள். முற்றத்தில் அவர் கார் நின்றது; மேலே பாய் விரிப்பும் ரப்பர் படகும் கட்டியிருந்தது. அவர் ஹவாய்ச் செருப்பும் அரைக்கால் சட்டையுமாகப் சாவிக் கொத்தோடு நின்றார்.

"அண்ணே, ஒரே ஒரு கேன் இருக்கா?"

"இருக்கு. நாப்பது லிட்டர். ஆனா நான் இல்ல. ரெண்டு மணிக்கு மேல கெளம்புனா சுங்கச்சாவடியில சாயங்காலம் வரைக்கும் வேகணும். பொண்டாட்டி ஒரு மணிக்கு இங்க வந்துருவா. அப்புறம் என்னைத்தான் அந்த கேன்ல போட்டு மூடுவா."

"அண்ணே, திங்கக்கிழமை நான் சொன்னது பொய்யா இருக்கலாம்."

யூரா கொத்தை ஆட்டுவதை நிறுத்தினார். "எது? அந்த அறுபத்தி நாலா? நான் ஒரு துண்டு தின்னுருக்கேனே."

"ஆமா."

"வாயுவைப் பத்திதான் கேட்டேன். அது கேள்வியே இல்லேன்னு நீங்களே சொன்னீங்க." தலையைச் சொறிந்தார். "சரி வாங்க. ஒரு மணி வரைக்கும்தான்."

மேலே வந்தால் அவள் மேசையருகே மோரானா நின்றிருந்தாள். கையில் ஒரு கண்ணாடித் தகடு, அதன் மேல் குச்சிபோல ஒல்லியான, ஐந்து மில்லிமீட்டர் நீளப் படிகம்.

"இது எது?" என்றாள் திஹானா. புதன்கிழமைக்குப் பிறகு அவள் மோரானாவிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"நாப்பத்தேழு."

நாற்பத்தேழாவது குழாயில் முளைத்த பெரிய படிகம் அது. பட்டை தீட்டியதுபோல் முகம் முகமாக மின்னும். அதை ஒரு சின்னக் குப்பியில் போட்டு மோரானா தன் மேசை மேலேயே வைத்திருப்பாள். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் கல்யாண ஆல்பம் காட்டுவதுபோல் காட்டுவாள்.

"நாப்பத்தேழையா வெட்டினே? பைத்தியமாடி உனக்கு?"

"ஒல்லியா நீளமா இருந்தாத்தான் கரண்டு பரவும். மத்ததெல்லாம் கட்டை குட்டையா இருக்கு. நேத்து முழுக்க அறுத்தேன். ரெண்டு தடவை அழுதேன், மூணாவது தடவை பழகிருச்சு." தகட்டை நீட்டினாள். "கரண்டு போற முனைய அசிங்கமாப் பூசு. உன்னால முடியுமான்னுதான் தெரியல."

கோபம் எங்கே போயிற்றென்று திஹானாவுக்கே தெரியவில்லை. தகட்டை வாங்கி நுண்ணோக்கிக்கு அடியில் வைத்தாள். பூனை மயிரை ஓரமாக வைத்துவிட்டு, தீக்குச்சியைச் சீவிப் பசையில் தோய்த்து, படிகத்தின் இரு முனைகளையும் முழுசாக மெழுகினாள். ரொட்டியில் வெண்ணெய் தடவினால்கூட அதைவிடச் சுத்தமாக இருக்கும். பிறகு மேல்பரப்பில் மூன்று ஜோடிக் கம்பிகள்: வலது விளிம்பில் ஒன்று, இடது விளிம்பில் ஒன்று, நட்டநடுவில் ஒன்று.

"அசிங்கம்" என்றாள் திஹானா.

"படு அசிங்கம்" என்றாள் மோரானா. இருவரும் சிரித்துவிட்டார்கள்.

கணக்கு எளிது. மின்சாரம் நூலாக ஓடினால் நடு ஜோடி ஒன்று சொல்லும், விளிம்பு ஜோடிகள் வேறொன்று சொல்லும்: விளிம்பில் தடை குறையும், நடுவில் கூடும். மூன்றும் ஒரே வாக்காகச் சொன்னால்தான் மெய். நல்ல அளவுக் கருவி ஒன்றே ஒன்றுதான் வேலை செய்தது. ஆகவே ஒவ்வொரு ஜோடியாகத்தான் பார்க்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் காந்தத்தை ஒருமுறை ஏற்றி இறக்கி, திசையை மாற்றி இன்னொரு முறை ஏற்றி இறக்க வேண்டும்.

பசை காய்ந்து, படிகம் நீண்ட கம்பியின் நுனியில் காந்தத்துக்குள் இறங்கிக் குளிர்ந்தபோது மணி பத்தரை ஆகியிருந்தது. அதற்குள் யூரா கேனிலிருந்து ஹீலியத்தை ஏற்றியிருந்தார். குழாய் மேல் வெள்ளை வெளேரென்று உறைபனி படர்ந்தது.

முதலில் வலது விளிம்பு. தடை குறைந்தது. ஆனால் நூற்றுக்கு ஏழுதான்.

"ஏழா?" என்றாள் திஹானா. அறுபத்து நான்கில் ஐம்பத்தேழு அங்கேயே கரைந்துபோயிற்று. ஆக மோரானா சொன்னது சரி. திங்கட்கிழமை அத்தனை பேருக்கும் அவள் ஊட்டியது பித்தலாட்டத்தைத்தான்.

இடது விளிம்பு. அதுவும் ஏழு.

"ரெண்டும் ஒண்ணா வருதேடி" என்றாள் மோரானா மெதுவாக.

"விளிம்பு பொய் சொன்னாலும் ரெண்டும் ஒண்ணாத்தான் சொல்லும். நடுவுதான் சொல்லணும்."

அப்போதுதான் யூரா அளவு முள்ளைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். காந்தத்தில் ஹீலியம் சரசரவென்று இறங்கியிருந்தது. இன்னொரு முறை முழுதாக ஏற்றி இறக்கப் போதாது. நடுவில் தீர்ந்தால் காந்தம் சூடேறி, இருக்கிற கொஞ்சமும் ஒரே மூச்சில் புஸ்ஸென்று கொதித்துப் போகும். மணி பன்னிரண்டே முக்கால். யூராவின் செல்போன் அடித்தது.

"வந்துட்டியா? இரு இரு, ஒரு பத்து நிமிஷம்... இல்லடி, குடிக்கல, வேலையாத்தான் இருக்கேன்... சொல்றேன்ல!" போனை வைத்தார். "கேன்ல அடிமண்டி ரெண்டு மூணு லிட்டர் இருக்கும். தானா வராது, பிழியணும்."

சுவரில் மாட்டியிருந்த பழைய கால்பந்து ரப்பர் பையை எடுத்துக் கேனின் மூக்கில் செருகினார். ஸ்டூலில் உட்கார்ந்து, பையை இரண்டு முழங்காலுக்கும் நடுவில் இடுக்கிப் பிழிந்தார். பிழிந்தால் கேனுக்குள் அழுத்தம் ஏறும், அடியில் கிடப்பது மேலேறி வரும். ஹவாய்ச் செருப்பும் அரைக்கால் சட்டையுமாகக் கன்றுக்குட்டியை மடியில் அமுக்குகிற ஆள்போல அவர் உட்கார்ந்திருந்த கோலத்தைப் பார்த்து மோரானா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சிரிக்காதீங்க. ஏத்துங்க காந்தத்தை!"

திஹானா ஏற்றினாள். திரையில் கோடு புறப்பட்டது. புறப்பட்டதுமே மேலே ஏறியது.

ஏறுகிறது. நடுவில் தடை கூடுகிறது. எல்லாம் பொய். ஏழும் பொய். கை தானாகவே பக்கத்துக் கணினியை நோக்கிப் போயிற்று. கடிதம் அங்கேதான் திறந்து கிடந்தது.

"பொறுடி" என்று மோரானா அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "விளிம்புலயும் ஆரம்பத்துல இப்பிடி ஒரு சின்ன மேடு இருந்துச்சு. மறந்துட்டியா?"

பயத்தில் மறந்துதான் போயிருந்தாள். காந்தப்புலம் ஒரு டெஸ்லா ஆகும்வரை கோடு ஏறி, தயங்கி, தலை கவிழ்ந்தது. பிறகு இறங்கத் தொடங்கியது. இரண்டு டெஸ்லா, மூன்று, ஐந்து. யூரா மூச்சிரைக்கப் பிழிந்தார். ஏழு டெஸ்லா, எட்டு. ஒன்பதில் காந்தம் நின்றபோது திஹானா எண்ணைப் படித்தாள். வாய்விட்டுச் சொல்லப் பயந்து இன்னொரு முறை படித்தாள்.

"ஏழு" என்றாள்.

"சத்தமாச் சொல்லு!"

"ஏழுடி! ஏழு! நடுவுலயும் ஏழு!"

திசையை மாற்றி ஏற்றியபோதும் ஏழுதான். காந்தம் பூஜ்ஜியத்துக்கு இறங்கிய அதே நிமிடத்தில் கேன் காலியானது. பை தொளதொளத்துத் தரையில் விழுந்தது. திஹானா மோரானாவைக் கட்டிக்கொண்டு அழுதாள், சிரித்தாள். திங்கட்கிழமை அறுபத்து நான்குக்கு வராத அழுகை அது. அந்த எண் கிடைத்தபோது ஊருக்கெல்லாம் சொல்ல வேண்டும்போல் இருந்தது. இந்த ஏழு கிடைத்தபோது உட்கார வேண்டும்போல் இருந்தது. எவ்வளவு திருப்பிப் போட்டாலும் ஏழாகவே நிற்கிற ஏழு.

கதவு படாரென்று திறந்தது. யூராவின் மனைவி பரித்சா, தலையில் கறுப்புக் கண்ணாடி, இடுப்பில் ஒரு கை, இன்னொரு கையில் மூடிபோட்ட பெரிய டப்பா.

"ஒரு மணி நேரமா வெயில்ல நிக்கிறேன். காருக்குள்ள வெச்சா கறி கெட்டுருமேன்னு தூக்கிட்டு வந்தேன். இங்க என்னடான்னா கட்டிப் புடிச்சு அழுதுட்டிருக்கீங்க. யாரு செத்தது?"

"யாரும் சாகல. ஏழு வந்துருச்சு" என்றார் யூரா வியர்வையைத் துடைத்தபடி.

"ஏழா? எதுல?"

"அக்கா, காந்தத்தை வெச்சா எல்லாத்துலயும் தடை கூடும். இதுல நூத்துக்கு ஏழு பங்கு குறையுது. நெஜமாவே குறையுது" என்றாள் திஹானா.

பரித்சா மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு டப்பாவை மேசையில் வைத்துத் திறந்தாள். கடலுக்குப் போகும் ஜாக்ரெப் குடும்பத்தின் காரில் என்ன இருக்குமோ அதுதான் இருந்தது: ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்த இறைச்சித் துண்டுகள், தக்காளி, உப்புப் பொட்டலம்.

"கூத்தாடுறதுக்கு எதாவது வயித்துல இருக்கணும்ல. தின்னுங்க. சீக்கிரம்."

"இங்க ஒரு சட்டம் இருக்கு பரித்சா" என்று யூரா ஒரு துண்டை எடுத்தார். "தின்னா கேக்கணும். டாக்டரம்மா, இந்தத் தடவை நெஜக் கேள்வி. சூடு ஏத்துனா இந்த ஏழு என்ன ஆகும்?"

நல்ல கேள்வி. பதில் அவளுக்கே தெரியாது. "செப்டம்பர்ல பாக்கணும் அண்ணே. அதுக்கு இன்னும் ஹீலியம் வேணும்."

"கேட்டுருக்கக் கூடாது" என்றார் யூரா.

மேசையோரம் உட்கார்ந்து திஹானா கடிதத்தைத் திருத்தினாள். திரும்பப் பெறுகிறோம் என்பது அப்படியே இருக்கட்டும் என்று முடிவு செய்தாள். அறுபத்து நான்கைச் சொன்ன கட்டுரை போனதுதான். அதன் கீழே ஒரு வரி சேர்த்தாள்: 'சரியான அளவீட்டோடு புதிய கட்டுரையை அனுப்புவோம். தவறைக் கண்டுபிடித்தவர் மோரானா ஹோர்ஷிச்.' அனுப்பினாள். மாநாட்டில் அந்தத் தவறையும் சேர்த்தே சொல்ல வேண்டும், அசிங்கமாகப் பூசிய முனையின் படத்தைத் திரை நிறையக் காட்ட வேண்டும். நினைத்தாலே சிரிப்பு வந்தது.

மோரானா பக்கத்தில் வந்து நின்றாள். கையில் இறைச்சித் துண்டு இருந்தது. ஆனால் இன்னும் கடிக்கவில்லை.

"திங்கக்கிழமை ரெண்டு துண்டு. ஒண்ணுக்குத்தான் கேட்டேன். ஒண்ணு பாக்கி."

இன்னும் என்ன ஓட்டையைக் கண்டுபிடித்திருக்கிறாளோ! "கேளு" என்றாள் திஹானா, நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு.

"அடுத்த படிகம் எவ்ளோ நீளம் வேணும்?"

மோரானாவின் மேசையில் காலியாகக் கிடக்கும் அந்தச் சின்னக் குப்பி திஹானாவுக்கு ஞாபகம் வந்தது. கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் விரித்துக் காட்டினாள். கொஞ்சம் யோசித்து இன்னும் கொஞ்சம் விரித்தாள்.

"ஆறு வாரம் பத்தாதுடி. பத்து ஆகும்."

"ஆகட்டும். ரெண்டா வளர்த்துரு. ஒண்ணு வெட்ட, ஒண்ணு குப்பியில வெக்க."

மோரானா அப்போதுதான் துண்டைக் கடித்தாள். கீழே முற்றத்தில் யூரா ஹாரனை நீளமாக அடித்துக்கொண்டே காரை வெளியே எடுத்தார்.